மலையிடம் கேட்க வேண்டிய கேள்வி

இந்திய ராணுவத்துக்கு எந்தத் தாக்குதல் ஹெலிகாப்டர் ஏற்றது என்ற விவாதம் பெரும்பாலும் ஏவுகணை, ரேடார் பட்டியல்களையே சுற்றி வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது காற்றை. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சுழலும் இறக்கைகளின் தூக்குவிசையும் எஞ்சினின் திறனும் சேர்ந்தே குன்றுகின்றன. சமவெளியில் தூக்கும் சுமையில் ஒரு பகுதியைத்தான் லடாக்கில் தூக்க முடியும். 1999 கார்கில் போரில் தோலோலிங் மலை அருகே எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த உயரத்தில் போரிடுவதற்கென்றே வடிவமைத்த ஹெலிகாப்டர் அன்று நம்மிடம் இல்லை. அந்தக் குறையை நிரப்ப இந்திய அரசு நிறுவனமான எச்.ஏ.எல். உருவாக்கியதுதான் 5.8 டன் எடையும் இரண்டு எஞ்சின்களும் கொண்ட பிரசண்ட். சோதனைக் கட்டத்திலேயே, 2015-ல், அது சியாச்சினில் தரையிறங்கியது. 2025 மார்ச்சில் 156 பிரசண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது சரியான முடிவு.

அமெரிக்காவின் அப்பாச்சி இதைவிட வலிமையானதாயிற்றே என்பார்கள். உண்மைதான், ராஜஸ்தான் பாலைவனத்தில் டாங்கிப் படையை எதிர்கொள்ள அதன் ரேடாரும் ஹெல்ஃபயர் ஏவுகணைகளும் வேண்டும். ஆனால் வடக்கு எல்லை மலை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: 2025 ஜனவரியில் எச்.ஏ.எல்.-இன் துருவ் ஒன்று போர்பந்தரில் விபத்துக்குள்ளான பின் துருவ் ஹெலிகாப்டர்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன, பிரசண்ட் அதே குடும்பத்தில் வந்தது. இதற்கு விடை இறக்குமதி அல்ல, குறையைக் கண்டறிந்து மறைக்காமல் திருத்துவது. வெளிநாட்டு ஒப்பந்தமும் உறுதியானதல்ல: பழைய சீட்டா ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக 2015-ல் ரஷ்யாவுடன் பேசிய 200 கே.ஏ.-226 ஹெலிகாப்டர்கள் இன்னும் வரவில்லை. சியாச்சின் வீரர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோவது இன்றும் அந்தச் சீட்டாதான்.