சரி, தவறு இல்லாத கேள்விகள்

பழவேற்காடு ஏரிக்கரையில், காட்டுப்பள்ளி பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில், மறதிநோய் கண்ட பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் விழிக்கக்கூடும். அவரிடமே கிழிந்த வலையையும் ஊசியையும் கொடுத்தால், விரல்கள் தாமாக முடிச்சுப் போட்டுக்கொண்டு போகலாம்.

காரணம், இந்த நோய் மூளை முழுவதையும் ஒரே சீராக அரிப்பதில்லை. அல்சைமர் வகையில் ஆரம்பத்திலேயே அடிபடுவது ஹிப்போகேம்பஸ். பக்கத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய சுண்டுவிரல் அளவில் இருக்கும் இந்தப் பகுதிதான் புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிறது. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகள் வேறு. அங்கே நோய் தாமதமாகவே எட்டுகிறது. இளமைக்கால நினைவுகளும் பழைய பாட்டுகளும்கூட நெடுநாள் தங்கிவிடுகின்றன.

மிச்சமிருக்கும் இந்தச் சொத்தை வைத்து உருவானதுதான் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை; மூளைக்குக் கூட்டாகக் கொடுக்கும் பயிற்சி. இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களிலும் 201 பேரிடம் இதைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், ஏழு வாரங்கள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். பயிற்சி பெற்றவர்களின் நினைவும் சிந்தனையும் மேம்பட்டன. அந்தப் பலன் மறதிநோய் மாத்திரைகளின் பலனோடு ஒப்பிடும் அளவில் இருந்தது. வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. பேச்சும் விளையாட்டும் மருந்துக்கு நிகராக நின்றதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அமர்வின் கட்டமைப்பில்தான் நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஐந்து முதல் எட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறார்கள். குழுவுக்கு ஒரு பெயர், ஒரு பாட்டு. இரண்டும் அவர்களே தேர்ந்தெடுத்தவை. ஒருவர் பந்தை வீச, இன்னொருவர் பிடிக்கிறார். பலகையில் கிழமை, தேதி, வானிலை எல்லாம் எழுதியிருக்கும். யாரும் பரீட்சை வைப்பதில்லை. பலகையைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து பேசிக்கொள்கிறார்கள். அதன்பிறகு அன்றைய தலைப்பு: உணவு, ஒலிகள், சிறுவயது, பணம், பொருள்களை இனம் பிரிப்பது என்று ஒவ்வொரு அமர்வுக்கும் ஒன்று.

எல்லாவற்றிலும் பெரிய நுட்பம் கேள்வியில் இருக்கிறது. ‘நினைவிருக்கிறதா?’ என்று கேட்பதே இல்லை. ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்றுதான் கேட்கிறார்கள். நினைவைக் கேட்டால் தோற்க வாய்ப்புண்டு. கருத்தில் தோல்வியே கிடையாது. வெட்கம் விலகினால் பேச்சு வரும். பேச வேண்டுமென்றால் சொல்லைத் தேட வேண்டும், பிறர் சொல்வதைக் கவனிக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல் பயிற்சி நடந்துவிடுகிறது.

சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தார் இந்த முறையை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிச் சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லண்டன்காரரின் பழைய படமும் பாட்டும் இங்கே எதையும் எழுப்பாது. ஊர் மாறினால் பொருளும் மாறியாக வேண்டும்.

பழவேற்காட்டில் அந்தப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. இனம் பிரிக்கும் அமர்வில் மடவை, கொடுவா, வஞ்சிரம், சங்கரா என மீன் படங்களைப் பரப்பி, ஏரியில் படுவது எது, கடலில் படுவது எது என்று பேசவிடலாம். கைவேலைக்குப் பெண்கள் முடையும் பனையோலை இருக்கிறது. பண அமர்வில் 1957-க்கு முன் புழங்கிய அணாக் காசுகளைக் கையில் கொடுக்கலாம். தொட்டுப் பார்க்கும் பொருள் பேச்சை இழுத்து வரும். எல்லாவற்றையும்விட ‘பாடு’ இருக்கிறது. ஏரியில் இன்று யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரிக்கும் பழைய ஏற்பாடு அது. ‘சீட்டுப் போடுறது நியாயமா, மூத்தவங்களுக்கு முதல்ல கொடுக்கிறது நியாயமா?’ என்று கேட்டுப் பாருங்கள். சரி, தவறு இல்லாத கேள்வி. ஆளுக்கொரு கருத்து நிச்சயம் இருக்கும்.

இது நோயைக் குணப்படுத்தாது. லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கே பொருந்தும். விட்டுவிடாமல் தொடரவும் வேண்டும். ஆனால் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பந்து, ஒரு பலகை, பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஊர்ப் பொதுக்கட்டடத்தில் வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம். கடலோர ஊராட்சிகளும் முதியோர் இல்லங்களும் இதைத் தொடங்க இவ்வளவு போதும்.