பெட்டியின் விலாவில் எழுதிய எண்

தேவகோட்டை ஊருக்குள் ரயில் வராது. மூட்டை முடிச்சோடு ரஸ்தா ஸ்டேஷனுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே வண்டிக்குக் காத்திருப்பவர்கள் எஸ் 4 எங்கே நிற்கும், பி 1 எங்கே நிற்கும் என்றுதான் பார்ப்பார்கள். அதெல்லாம் அந்த வண்டிக்காக மாட்டிய அடையாளம், நாளைக்கே மாறலாம். பெட்டியோடு கூடப் பிறந்த எண் ஒன்று உண்டு. விலாப்புறத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும்.

பழைய நீலப் பெட்டிகளில் அது பெரும்பாலும் ஐந்து இலக்கம். 09214 என்று இருந்தால், முதல் இரண்டும் பிறந்த வருஷம்: 2009. மிச்சமுள்ள 214தான் ரகம். 201 முதல் 400 வரை மூன்றடுக்கு ஸ்லீப்பர். 401 முதல் 600 வரை அன்ரிசர்வ்டு. 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏசி. 701 முதல் 800 வரை கார்டும் பார்சலும் ஏறும் கடைசிப் பெட்டி. (பேச்சுவழக்கில் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். உண்மையில் போகி என்பது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். பெட்டிக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரம்.)

ரகம் மாறினாலும் கூடு ஒன்றுதான். நீலப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். அதில் எட்டுப் படுக்கைக்கு ஒரு தடுப்பாக ஒன்பது தடுப்புகள், ஆக 72 பேர் தூங்கலாம். அதே கூட்டில் வரிசைக்கு ஆறு இருக்கை போட்டால் 108 பேர் உட்காரலாம். விடியற்காலையில் காரைக்குடியில் புறப்பட்டுப் பகலிலேயே சென்னை போய்விடும் பல்லவனுக்கு உட்காரும் பெட்டிகள் போதும். ரஸ்தா வழியாக ராத்திரி ஓடும் ராமேஸ்வரம் வண்டிக்குப் படுக்கை வேண்டும். அந்த வண்டியைப் பெரியவர்கள் இன்னமும் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள். தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய காலத்துப் பெயர் அது. 1964 புயலோடு அந்த வழி போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

படுக்கைக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 கீழே. 2, 5 நடுவில். 3, 6 மேலே. 7 சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். டிக்கெட்டில் 47 என்று கண்டதும் என் முதுகு தானாக வலிக்கத் தொடங்கிவிடும். இரண்டு இருக்கைகளைச் சாய்த்துச் சேர்க்கும் அந்தச் சைடு லோயரில், நடு இடுப்புக்கு நேராக ஒரு இடுக்கு இருக்கும். போர்வையை நான்காக மடித்து அதில் திணித்தால்தான் தூக்கம்.

இந்த நீலப் பெட்டி நம் பெரம்பூர்ச் சரக்கு. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு 1955 அக்டோபர் 2இல் ஐ.சி.எஃப் தொழிற்சாலை தொடங்கியது. 2018இல் அந்த வடிவத்தைக் கட்டுவதை நிறுத்தினார்கள். இப்போது வருபவை எல்.எச்.பி, மூலம் ஜெர்மனி. நீளம் 23.5 மீட்டர். கூடுதலாகக் கிடைத்த இரண்டு மீட்டரில் இன்னும் ஒரு தடுப்பு அடங்கிவிட்டது. ஸ்லீப்பரில் 80 படுக்கை!

மின்சாரம் வரும் வழியும் மாறிவிட்டது. நீலப் பெட்டி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு, அடியில் தொங்கும் டைனமோ சுற்றும். உபரி பேட்டரியில் சேரும். வண்டி நின்றால் பேட்டரிதான் கதி. கிராசிங்குக்காக நெடுநேரம் நின்றால் விளக்கு மங்குவதும் விசிறி சோம்பல் முறிப்பதும் இதனால்தான். எல்.எச்.பி வண்டியில் இந்த ஏற்பாடு இல்லை. முனையில் உறுமிக்கொண்டு வரும் ஜெனரேட்டர் வண்டி எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும். மின்பாதையில் இப்போது எஞ்சினே தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்து எடுத்து, குறைத்து, பின்னால் அனுப்பிவிடுகிறது.

பெரிய வேறுபாடு இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில். பழையதில் திருகு முடுக்கிய கொக்கி, இருபுறமும் பஃபர். மோதினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும் அபாயம் அதில் அதிகம். புதியதில் நடுவில் கைகோத்த மாதிரி ஒரே பூட்டு. பெட்டி மேலே எழும்ப விடாது. உயிர் காக்கும் ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பூட்டில் உள்ள இடைவெளியால் வண்டி கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டும். பழகியவர்கள் காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெட்டு வந்து போன பிறகுதான் மூடியைத் திறக்கிறார்கள்.