முகநூலும் பெருவெள்ளமும்

அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் சிலர், தம்முடன் பயில்வோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுமாறு 2004-ஆம் ஆண்டில் அமைத்த 'பேஸ்புக்' என்பதனைத் தமிழர் முகநூல் என வழங்குகின்றனர். நூல் என்னும் பெயர் அதற்கு எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. தச்சனது நூல் மரத்தின் கோணலைத் தீர்க்க உதவுவதுபோல, மாந்தர் மனக்கோணலைத் தீர்ப்பதே நூல் என்பது நன்னூலார் கொள்கை. முகநூல் போன்ற சமூக ஊடகங்களிலோ நேர்மையும் கோணலும் அருகருகே கிடக்கும். இவ்விரண்டனையும் சென்னை மக்கள் ஒரே வாரத்திற் கண்டனர்.

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமுடையது. 2015 டிசம்பர் முதல்நாள் பெய்த பெருமழையால் அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்நீர் அடையாற்றின் கரைகடந்து, இரவோடிரவாக வீடுகளிற் புகுந்தது. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளிலும் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கியது. மின்சாரம் நின்றது, தொலைபேசிகள் பல ஊமையாயின. 1878-இல் தோன்றிய 'இந்து' ஆங்கில நாளிதழும், ஊழியர் அச்சகம் செல்ல இயலாமையால், மறுநாள் சென்னையில் வெளிவரவில்லை.

அச்சிட்ட தாள் வாராத அந்நாளில், கைப்பேசித் திரையே செய்தித்தாளாயிற்று. தாம் நலமாக இருப்பதை ஒரு குறியைத் தொட்டுச் சுற்றத்தார்க்கு அறிவிக்கும் வசதியை முகநூல் ஏற்படுத்தியது. படகு உடையோரும், சோறு சமைத்தோரும், தங்க இடம் தருவோரும் அன்று ட்விட்டர் எனப்பட்ட தளத்தில் அவற்றைத் தெரிவித்தனர். இளைஞர் பலர் அச்செய்திகளைத் தொகுத்துப் பட்டியலாக்கினர். அதுவரை பொழுதுபோக்கிற்கே கைப்பேசியைத் தொட்ட மாணவர்க்கு அஃது ஒரு புதிய பணி.

ஆயின், செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற பொய்யும் அவ்வழியே பரவியது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பின என்றனர் சிலர். பண்ணையார் அதனை மறுத்தனர். மறுப்பு நடந்து செல்வதற்குள் வதந்தி பறந்து சென்றது! ஒரு செய்தி மெய்யா என வினவாமலே அதனைப் பிறர்க்கு அனுப்ப ஒரு விரல் போதுமன்றோ?

பொய்யினும் நுட்பமான இடர் மற்றொன்று உண்டு. முதற்கண் மெய்யாயிருந்த செய்தியே நாழிகை கழியப் பொய்யாகிவிடும். மாடியிற் சிக்கிய முதியவர் மீட்கப்பட்ட பின்னரும், அவர்க்கு உதவி வேண்டும் செய்தி கைமாறிக்கொண்டேயிருக்கும். உண்மையில் தவிப்போரது குரல் அதனிடையே அமிழ்ந்துவிடும். இதனை உணர்ந்த தொண்டர்கள், குறித்த எண்ணிற்குப் பேசி உறுதிசெய்த பின்னரே செய்தியை வெளியிட்டனர். நாளும் நேரமும் தலைப்பில் எழுதினர். உதவி கிட்டியதும் 'மீட்கப்பட்டார்' எனக் குறித்து அடுத்த பெயருக்குச் சென்றனர்.