பேச்சுத் துணையும் மருந்துதான்

ரஹாங், சிரம்பான் வட்டாரத்தில் வாழும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக



உங்களில் பலர் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். விடியும் முன்பே பெரட்டுக்குப் போனது, நிரையில் நின்று மரம் வெட்டியது, பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பியது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். வேலை கடினம், சம்பளம் குறைவு. ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒருவர் வேலைக்கு வராவிட்டால், என்ன ஏது என்று விசாரிக்க யாராவது வருவார்கள்.

பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்தன. இன்று பகலில் பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. துணைக்குக் கைப்பேசி மட்டும் இருக்கிறது.

கைப்பேசியைத் தூக்கிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எது உங்களுக்கு உதவுகிறது, எது உங்கள் நேரத்தை வீணாக்குகிறது என்று பிரித்துப் பார்க்கவே இந்தக் கையேடு.

தனிமை உடம்பையும் பாதிக்கும்

தனிமை மனவருத்தம் மட்டும் அல்ல. நெடுநாள் தனிமையில் இருப்பவர்களுக்கு இருதய நோய், பக்கவாதம், இனிப்புநீர், மனச்சோர்வு, மறதி நோய் ஆகியவை வரும் அபாயம் அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று கூறுகிறது.

நம் நாட்டில் 2018இல் மூத்தோரிடம் தேசிய அளவில் சுகாதார ஆய்வு நடத்தப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 11 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இது யாருடைய குறையும் அல்ல. இரத்தக் கொதிப்பைப் போல இதையும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனிமை வரலாம். ஒரே வரவேற்பறையில் ஐந்து பேர் ஐந்து கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே பேச்சு இல்லை.

அன்றும் கருவிகள் இருந்தன

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. எல்லா வீட்டிலும் பெட்டி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை, பெட்டி இருந்த வீட்டின் அஞ்சடியிலோ தோட்ட மண்டபத்திலோ எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். திடலில் திரை கட்டிப் படம் காட்டினால் பாய் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். படம் முடிந்த பிறகும் பேச்சு முடியாது.

அன்று ஒரு கருவியைச் சுற்றிப் பலர் கூடினார்கள். இன்று ஆளுக்கு ஒரு கருவி. ஆகவே கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “இது என்னை ஒருவரோடு சேர்த்து வைக்கிறதா, பிரித்து வைக்கிறதா?”

வைத்துக்கொள்ள வேண்டியவை

• பிள்ளைகள், உறவினர்களுடன் பேசும் அழைப்பும் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பும்
• கிளினிக் தேதியைப் பார்க்கும் மைசெஜாத்ரா செயலி
• மருந்து நேரத்தை நினைவூட்டும் மணி
• வீட்டில் இரத்த அழுத்தம், இனிப்பு பார்க்கும் கருவிகள்
• அவசர எண் 999

குறைத்துக்கொள்ள வேண்டியவை

• ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாக ஓடும் யூடியூப், டிக்டாக் வீடியோக்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். கண் சிமிட்டுவது குறைந்து கண் வறண்டு எரியும்.
• படுக்கையில் கைப்பேசி. தூக்கம் தள்ளிப்போகும். இரவில் அதை வேறு அறையில் வையுங்கள். தனியாக வசிப்பவர்கள் அவசர அழைப்புக்காகக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையைப் பார்க்க வேண்டாம்.
• நடக்கும்போது திரை பார்ப்பது. இந்த வயதில் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.
• தினமும் 40 பேருக்கு அனுப்பும் ‘காலை வணக்கம்’ படங்கள். அதற்குப் பதிலாக ஒருவரை அழைத்து, “பசியாறிட்டீங்களா?” என்று கேளுங்கள். கேட்பவருக்கும் அது நல்லது.

வாட்ஸ்அப் செய்தியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்

“இனிப்புநீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்” என்று ஒரு செய்தி அடிக்கடி வரும். உண்மையில், கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், குறைப்பார், தேவைப்பட்டால் மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் பாதிப்பு உங்களுக்குத்தான்.

சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியைக் கிளினிக்கில் தாதியிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேளுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பணம் கேட்டும் வங்கி விவரம் கேட்டும் வரும் அழைப்புகளுக்கும் இதே முறைதான். உடனே எதையும் செய்யாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள்.

நாளைக்கே தொடங்கலாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு நாளில் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• காலையில் அரை மணி நேரம் தாமானைச் சுற்றி நடங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் உங்களுக்குப் போதும். விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகளோடு சிரம்பான் ஏரிப் பூங்காவுக்குப் போகலாம்.
• கோவிலுக்குப் போனால் கும்பிட்டதும் திரும்பிவிடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.
• கிளினிக்கில் எண் வரும்வரை திரையைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த பெயர் ஒன்றாவது வரும்.
• கறிவேப்பிலையோ முருங்கைக்கீரையோ வீட்டில் இருந்தால் ஒரு பிடி பறித்து அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் மலாய்க்காரராக, சீனராக இருந்தாலும் இதற்குப் பெரிய மொழி தேவையில்லை.
• மின்னல் பண்பலையில் பழைய பாட்டு போட்டால் தனியாகக் கேட்காமல் துணையோடு கேளுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு

முழங்கால் வலியோ பார்வைக் குறையோ இருந்தால், நீங்கள் போவதற்குப் பதிலாக மற்றவரை வரச் சொல்லுங்கள். “புதன்கிழமை மாலை தேநீருக்கு வாங்க” என்று நாள் குறித்துக் கூப்பிடுங்கள். நாள் குறிக்காத அழைப்பு மறந்துபோகும். அதை நினைவூட்டக் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள், அதற்குத்தான் அது.

பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்பதால் சிலர் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காதில் அடைத்த அழுக்கே காரணமாக இருக்கலாம். இல்லாவிட்டால் காது கேட்கும் கருவி உதவலாம்.

வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு

அப்பா அம்மாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். அதோடு, இரவுச் சாப்பாட்டின்போது எல்லாருடைய கைப்பேசியையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து உண்ணுங்கள். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கதைகள் எந்தச் செயலியிலும் இல்லை.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்குக்கு வாருங்கள்:

• தூக்கம் இல்லை, அல்லது நாள் முழுதும் தூக்கம்
• சாப்பாட்டில் விருப்பம் இல்லை
• யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை
• “நான் யாருக்கும் பாரம்” என்ற எண்ணம்

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள், அல்லது 999க்கு அழையுங்கள்.

மனநல உதவிக்கு: 15555
சமூக நல உதவிக்கு, தாலியான் காசே: 15999

பல சுகாதார கிளினிக்குகளில் கெலாப் வார்கா எமாஸ் எனும் மூத்தோர் மன்றம் உண்டு. சமூக நலத் துறையின் பாவே எனும் மூத்தோர் நடவடிக்கை மையங்களும் உள்ளன. உடற்பயிற்சி, கைவேலை, விளையாட்டு எனப் பகல் நேரத்தில் சேர்ந்து இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு அருகில் எது இருக்கிறது என்று அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது முகப்பில் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.