கடைசி வீட்டில் எத்தனை குடம்?

மத்திய அரசு 2019இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் குடத்தில் 18 குடம்.

ஊருக்குள் நடக்கும் வேலைச் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு. தலித், பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் கிராமத்துக்கு 5 சதவீதம். சலுகைக்குக் கிராமம்தான் அளவு. பெரிய ஊரின் ஓரத்தில் நாற்பது வீடுகளாக ஒதுக்கப்பட்ட சேரி அந்தக் கணக்கில் வராது. குழாய் முடிவதும் பல ஊர்களில் அங்கேதான். முன்தெருக்கள் பிடித்த மிச்சமே வந்துசேரும்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். இணைப்பு எத்தனை என்று கணக்குச் சொல்வார்கள். சேரியின் கடைசி வீட்டில் எத்தனை குடம் நிரம்புகிறது என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.