பிள்ளையின் குணத்தைத் தாளில் எடை போடலாமா?

காத்திவாக்கத்தில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில்தான் என் கிளினிக்கிலும் கூட்டம் சேரும். அப்படி ஒரு சாயங்காலம், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஒரு தொழிற்சாலை ஊழியர் தன் மகனை அழைத்து வந்தார். பிளஸ் டூ முடித்த பையன். வயிற்றெரிச்சல், ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பித்தம் ஏறியிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் இந்த வயதில் அது சும்மா ஏறாதே!

"எப்பலேர்ந்து தம்பி இப்படி?" என்று கேட்டேன். பையன் வாயே திறக்கவில்லை. அப்பாதான் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கம்ப்யூட்டர் தாளை எடுத்து நீட்டினார்.

"இதப் பாருங்க டாக்டர். காசு கட்டி டெஸ்ட் எழுத வச்சேன். 'உள்முக சுபாவம், மனிதர்களோடு பழகும் வேலை பொருந்தாது'ன்னு போட்டுக்குது. இவன் இன்னாடான்னா நர்சிங்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறான். தாள்ல இருக்கறத நம்பறதா, இவன நம்பறதா?"

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கலாம். பத்தாவதும் பிளஸ் டூவும் முடிந்தால் போதும், குணத்தை அளக்கிறோம், தொழிலைச் சொல்கிறோம் என்று ஆளாளுக்குக் கேள்வித்தாளோடு வந்துவிடுகிறார்கள். அவற்றில் உருப்படியானதும் உண்டு, வெறும் வியாபாரமும் உண்டு. எதை எவ்வளவு நம்பலாம்? கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

எங்கள் வைத்தியத்திலும் உண்டு

ஆளுக்கு ஆள் குணம் மாறும் என்பது சித்த மருத்துவத்துக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது யாக்கை இலக்கணம் என்று ஒரு பாடம். வாத தேகி ஒல்லியாக, வறண்ட தோலோடு, நிறையப் பேசுகிறவராக இருப்பார். பித்த தேகிக்கு உடம்பு சூடு, நல்ல பசி, கூர்மையான புத்தி, கூடவே முன்கோபம், சீக்கிரமே நரை. கப தேகி கட்டான உடம்பும் பொறுமையும் நிம்மதியான தூக்கமும் உள்ளவர். இரண்டு கலந்து இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களைத் தொந்த தேகி என்போம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதை நாங்கள் படித்தது உணவையும் மருந்தையும் தீர்மானிக்கத்தான். 'நீ வாத தேகி, கணக்கெழுதப் போ. நீ பித்த தேகி, போலீசுக்குப் போ' என்று பிரித்து அனுப்ப அல்ல! 2024 நவம்பர் 26 அன்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் நாடு முழுக்க ஆயுர்வேத முறைப்படி உடல்வாகு அறியும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. செல்போன் செயலியில் கேள்வி கேட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் உடல்வாகைப் பதிவு செய்தார்கள். அதுவும் ஆரோக்கியத்துக்கான யோசனை சொல்லத்தான்.

ராணுவத்தில் பிறந்த கேள்வித்தாள்

மேல்நாட்டுக் கேள்வித்தாளின் கதை சுவாரஸ்யமானது. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தால் மனம் கலங்கிப்போகும் சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. உட்வொர்த் என்ற உளவியலாளர் 'ஆம் - இல்லை' என்று பதில் சொல்லும் கேள்வித் தாளைத் தயாரித்தார். அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. பின்னால் வந்த கேள்வித்தாள்களுக்கு அதுவே முன்னோடி ஆனது.

1936-ல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதனின் குணத்தைச் சொல்லும் சொற்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள்! அவற்றைப் பல ஆய்வாளர்கள் பல வருடம் வடிகட்டி, கடைசியில் ஐந்து குணங்களில் வந்து நின்றார்கள். இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது இந்த ஐந்தைத்தான். அவற்றை நம் வீட்டுப் பாஷையிலேயே சொல்கிறேன்.

* புதுமை நாட்டம்: புது ஊர், புதுச் சாப்பாடு, புது யோசனை என்றால் ஆசையா, தயக்கமா?

* பொறுப்புணர்வு: சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கிற சுபாவம்.

* புறமுகத்தன்மை: கல்யாண வீட்டில் உற்சாகம் ஏறுகிறதா, 'எப்போது வீட்டுக்குப் போவோம்' என்று இருக்கிறதா?

* இணக்கம்: விட்டுக்கொடுத்து அனுசரித்துப் போவது.

* மனச் சலனம்: சின்ன விஷயத்துக்கும் கவலை, படபடப்பு வருவது.

இதில் 'பாஸ் - ஃபெயில்' கிடையாது. ஒவ்வொன்றும் தராசு முள் மாதிரி. முக்கால்வாசிப் பேருக்கு நடுவில்தான் நிற்கும். அதனால் 'உள்முகம்', 'வெளிமுகம்' என்று மனிதர்களை இரண்டு டப்பாவில் போட்டு மூடுவதே தப்பு.

தொழிலுக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. 1991-ல் பாரிக், மவுன்ட் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிகாரி, விற்பனையாளர், போலீஸ், தொழில் தெரிந்த வேலையாள் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும், நன்றாக வேலை செய்வதோடு தொடர்புள்ளதாகத் தெரிந்த குணம் ஒன்றுதான்: பொறுப்புணர்வு. கலகலப்பாகப் பழகும் குணம் நிர்வாகத்திலும் விற்பனையிலும் உதவியது. ஆனால் இந்தத் தொடர்பெல்லாம் ஓரளவுக்குத்தான். ஒரு தனி ஆளைப் பார்த்து 'இவன் தேற மாட்டான்' என்று சொல்லிவிடும் அளவுக்கு இல்லவே இல்லை.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் பொறுப்புணர்வு பொதுவாகக் கூடுகிறது. மனச் சலனம் குறைகிறது. பதினேழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!

எங்கே சறுக்குகிறது?

'நம்மளப் பத்தி அப்படியே சொல்லுதே!' என்று ஆச்சரியப்படுகிறோமே, முதல் சறுக்கல் அங்கேதான். 1948-ல் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 'இது உனக்குப் பொருந்துகிறதா, மதிப்பெண் போடு' என்றார். ஐந்துக்குச் சராசரியாக நாலுக்கு மேல் போட்டார்கள். அப்புறம்தான் குட்டு உடைந்தது: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! ஜோசியப் புத்தகத்திலிருந்து அவர் பொறுக்கிய பொது வாக்கியங்கள். 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே தயக்கம் உண்டு' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

இரண்டாவது, முத்திரை குத்துவது. மையர்ஸ் - பிரிக்ஸ் தேர்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தாயும் மகளும் உருவாக்கிய இந்தத் தேர்வு, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து நாலெழுத்துப் பட்டம் கொடுக்கும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு அந்த எழுத்து மாறிவிடுகிறது. ஆளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். கைரேகையை எடுத்துப் பிள்ளையின் புத்தியையும் தொழிலையும் சொல்கிறோம் என்று சிலர் வருகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, பணத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாவதுதான் ஒரு வைத்தியனாக என்னை ரொம்ப உறுத்துவது. தாள் அளப்பது குணத்தையா, அல்லது அந்த வாரத்து உடம்பையும் மனசையுமா? தூக்கம் கெட்டவன், ரத்தம் குறைந்தவள், தைராய்டு குறைந்தவர், வீட்டில் சாவு விழுந்த பிள்ளை... இவர்கள் எழுதும் பதிலில் சோர்வுதான் பேசும்.

நான் செய்த தப்பு

ஊருக்கு உபதேசம் செய்யும் நானே இதில் விழுந்தவன்தான். பல வருஷத்துக்கு முன்னால், பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். பதினாலு வயது. எப்போதும் அசதி, மந்தம், பகலிலும் தூக்கம். பார்த்த மாத்திரத்தில், "கப தேகம்மா. சுறுசுறுப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். இவ சுபாவமே அது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மா வேறு எதற்கோ வந்தார். பள்ளிக்கூட முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மகளுக்கு ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்ததாம். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டு, சில மாதத்தில் பெண் ஓடியாட ஆரம்பித்துவிட்டாளாம். "நீங்க சுபாவம்னு சொன்னீங்களேன்னு கோ-கோ டீம்லேர்ந்து நான்தான் நிறுத்திட்டேன் டாக்டர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சாதாரணமாகச் சொன்னார். நோயைச் சுபாவம் என்று சொன்ன என் ஒரு வாக்கியம், ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை முழுங்கிவிட்டது. அன்றிலிருந்து 'இது இவங்க சுபாவம்' என்று சொல்லும் முன் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. முதலில் உடம்பைப் பாருங்கள். சோர்வு இருந்தால் ரத்தச் சோகை, தைராய்டு, கண் பார்வை மூன்றையும் பரிசோதித்துவிட்டுத்தான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

2. பரீட்சை முடிவு வந்த வாரத்தில், துக்கம் நடந்த மாதத்தில் எந்தத் தேர்வும் எழுத வைக்காதீர்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை எழுதட்டும். இரண்டிலும் ஒத்துப்போவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

3. பிள்ளை தனியாக எழுதட்டும். பக்கத்தில் நின்று 'அப்படியா நீ?' என்று கேட்டால், பதில் உங்களுக்குப் பிடித்த மாதிரி மாறிவிடும்.

4. குணம் வேறு, திறமை வேறு, விருப்பம் வேறு. மூன்றையும் ஒரே தாள் சொல்லாது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக 2019-ல் வெளிவந்த 'தமன்னா' தேர்வு மொழி, எண், இயந்திரம் போன்ற ஏழு திறன்களைப் பார்ப்பது. அதிலும் வெற்றி தோல்வி கிடையாது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு மேற்படிப்பு, வேலை வழிகாட்டுதல் உண்டு. பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள்.

5. தாள் சொல்வதை வாழ்க்கையோடு ஒப்பிடுங்கள். 'பொறுப்பில்லாதவன்' என்று வந்தால், தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு முதலில் நிற்பது யார் என்று யோசியுங்கள்!

6. முடிந்தால் நாலு நாள் அந்த வேலையை நேரில் பார்க்க அனுப்புங்கள். ஒர்க்‌ஷாப்போ, ஆஸ்பத்திரியோ, கடையோ... நூறு கேள்வி சொல்லாததை அது சொல்லிவிடும்.

7. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கினால், தேர்வை ஓரமாக வைத்துவிட்டு உதவி தேடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

குணத்தாள் எதற்குத்தான் உதவும் என்றால், எந்த வேலை என்று தீர்மானிப்பதைவிட, எடுத்த வேலையை எப்படிச் செய்யலாம் என்று யோசிக்க உதவும். கவலை சுபாவம் உள்ளவர் சுழற்சி ஷிப்டுக்குப் போனால் தூக்கத்தைக் கூடுதலாகக் காப்பாற்ற வேண்டும். பொறுப்புணர்வு குறைவு என்று வந்தால் நாள்குறிப்பு எழுதிப் பழகலாம். கூச்ச சுபாவக்காரர் கூட்டமான வேலைக்குப் போகக் கூடாது என்பதில்லை. வேலை முடிந்து அரை மணி தனிமை கிடைத்தால் போதும்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். "நர்சிங் ஆசை எப்படிப்பா வந்துச்சு?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். பக்கவாதத்தில் விழுந்த பாட்டியை எட்டு மாதம் அவன்தான் பார்த்துக்கொண்டானாம். அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்கும் வேலை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டிருக்கிறான். கஞ்சி ஊட்டியிருக்கிறான். "கடைசி வரைக்கும் ஒரு புண்ணு வரல சார்" என்றான்.

"பாட்டி எப்ப தவறினாங்க?"

"டெஸ்ட்டுக்குப் பத்து நாள் முன்னாடி."

'கூட்டத்தில் இருப்பது பிடிக்குமா?', 'புதியவர்களிடம் பேசப் பிடிக்குமா?' - எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறான். வேறு என்ன அடிப்பான்? எட்டு மாதம் ஒரு உயிரை ஏந்தி நின்ற பிள்ளையிடம், அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு கேள்விகூட இல்லை.

வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். சீரகத் தண்ணீர், நீர் மோர், நேரத்துக்குச் சாப்பாடு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் சொன்னேன். பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "உங்கம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நர்சிங்குக்கு எங்க டாக்டர் அப்ளிகேஷன் வாங்கணும்?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தாள் வந்தால் படியுங்கள், தப்பில்லை. படித்து முடித்ததும் அதை மடித்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோடு பேசுங்கள்.