மறுபடி படித்தேன், தகப்பனார்களைக் கண்டேன்!

ஒரு மாதம் புதுப் புத்தகம் எதையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். கல்லூரி நாட்களில் என்னை மயக்கிய புத்தகங்களையே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி எடுத்தேன்.

முதலில் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் (1891). அன்று என் நெஞ்சை அள்ளியவன் புருடோத்தமன். கனவில் கண்டே மனோன்மணி காதலித்த வீரன். இன்றோ கண்ணில் பட்டவன் அவள் தந்தை ஜீவகன். வஞ்சக அமைச்சன் குடிலனை நம்பி, அவன் மகனுக்கே தன் பெண்ணைக் கொடுக்கத் துணிகிறான். நல்லவன்தான், ஆனால் பெண்ணின் மனத்தில் இருப்பது அவனுக்குத் தெரியவேயில்லை!

அடுத்து, 1944 முதல் 1946 வரை கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்'. வாதாபி அழியாமல் ஊர் திரும்பேன் என்ற சபதத்துக்கு அன்று கை தட்டினேன். அஜந்தா வர்ண இரகசியத்துக்காகத் தவித்த அவள் தந்தை ஆயனரைப் பார்த்துச் சிரித்தேன். இம்முறை சிரிப்பு வரவில்லை. மகளின் அபிநயங்களையெல்லாம் கல்லில் வடித்தவர், கலை மயக்கத்தில் அவள் கவலையை மறந்துவிடுகிறாரே!

நேயர்களே, என் மகளும் தினமும் பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள். நானோ புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் 'ஊம்' கொட்டுகிறேன்.

மாதக் கடைசியில் புத்தகத்தை மூடினேன். "என்னம்மா சொன்னாய்? மறுபடி சொல்லு" என்றேன்.